பாதி வாடகை தரும் பங்காளி

மறைமலைநகர் ஸ்டேஷனில் இறங்கித் தெருவுக்குள் நடந்தால் 'டு லெட்' பலகைகள் கண்ணில் படும். அவற்றின் கீழே சாக்பீஸில் இன்னொரு வரி: 'ஃபேமிலிக்கு மட்டும்'. தென் மாவட்டங்களிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, தோள்பையைச் சரிசெய்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள்.

இவர்களைப் போன்ற இருவரின் கதைதான் மணிகண்டன் இயக்கி, 2016 செப்டம்பரில் வெளியான 'ஆண்டவன் கட்டளை'. அவருடைய 'காக்கா முட்டை'யையும் 'கடைசி விவசாயி'யையும் கொண்டாடிய நாம், நடுவில் வந்த இந்த நகைச்சுவைப் படத்தை அவ்வளவாகப் பேசவில்லை.

ஊரில் கடன். லண்டன் போனால் அடைத்துவிடலாம் என்று காந்தியும் (விஜய் சேதுபதி) பாண்டியும் (யோகி பாபு) சென்னைக்கு வருகிறார்கள். கல்யாணமானவன் என்றால் விசா சுலபம் என்கிறார் புரோக்கர். உடனே காந்தியின் பாஸ்போர்ட்டில் இல்லாத மனைவி ஒருத்தி ஏறுகிறாள்: கார்மேகக்குழலி. கடைசியில் பாண்டிக்கு விசா கிடைக்கிறது, காந்திக்குக் கிடைக்கவில்லை. பிழைப்புக்கு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்த காந்தி, அந்தப் பெயரை நீக்க, கட்டாத மனைவியிடம் விவாகரத்து கேட்டு கோர்ட் படி ஏறுகிறான்.

ஒரு காகிதம் மனிதனைப் படுத்தும் பாடுதான் இங்கே சிரிப்பு. பிரெஞ்சு இயக்குநர் ழாக் ரோசியேவின் 'மேன் ஓசேயான்' (1986) படத்திலும் இதே விதைதான். டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ரயிலேறிய பிரேசில் நடனக்காரியிடம் பரிசோதகர்கள் அபராதம் கேட்கிறார்கள். சண்டையில் தொடங்கியது, ஒரு தீவில் மீனவரோடு சேர்ந்து ஆடிப் பாடும் கூத்தாகிறது. அதுவும் அதிகம் பேர் பார்க்காத படம்தான்.

நம் சினிமாவில் நண்பன் என்றால் உயிரைக் கொடுப்பான். காந்தியும் பாண்டியும் அப்படியெல்லாம் வசனம் பேசுவதில்லை. வீடு கிடைக்காமல் சேர்ந்து அலைகிறார்கள். ஒரே பொய்யைச் சேர்ந்து மனப்பாடம் செய்கிறார்கள்.

நட்பும் இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதுதான். மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் காலையில் மீன் ஏலம் முடிந்ததும் பணத்தைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, கூட வந்த ஆளுக்கு இவ்வளவு. மீன் படாத நாளில் டீசல் கடனும் பங்குதான். மதுரைப் பக்கம் நண்பனைப் 'பங்காளி' என்று கூப்பிடுவது சும்மா இல்லை.