கெர்னலுக்குள் யாரை விடுகிறீர்கள்?

வைரஸ் என்றதும் ஃபைல்கள் அழிந்துவிடுமோ என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்படுவார்கள். அழிந்த ஃபைலுக்கு வேறு காப்பி இருந்தால் மீட்டுவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் வேண்டாத புரோகிராம் நுழைந்துவிட்டால், திரையில் தெரிவதையே நம்ப முடியாமல் போய்விடும்.

கெர்னல் என்பது எது?

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிரகாரம்வரை எல்லோரும் சுற்றி வரலாம். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டுமே போக முடியும். தேங்காய், பழத் தட்டை அவரிடம் கொடுப்போம். அவர் உள்ளே கொண்டுபோய் அர்ச்சனை செய்து திருப்பித் தருவார்.

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். பிரவுசர், வேர்டு, கேம்ஸ் எல்லாம் பிரகாரத்தில் நிற்பவை. ஒரு ஃபைலைச் சேமிக்க வேண்டுமானால் வேர்டு தானே ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. கெர்னலிடம் கேட்கும், கெர்னல் செய்து கொடுக்கும். மெமரி, டிஸ்க், கீபோர்டு எல்லாம் அதன் கையில்தான். இந்த எல்லையைப் பிராசஸரே காவல் காக்கிறது.

பெரும்பாலான டிரைவர்களுக்கு மட்டும் உள்ளே அனுமதி உண்டு. கிராபிக்ஸ் கார்டு, சவுண்டு கார்டு போன்றவற்றை இயக்கும் சிறு புரோகிராம்கள்தான் டிரைவர்கள். இவை கெர்னலோடு கெர்னலாக ஓடுகின்றன. திருடனுக்கு இதுவே வசதியான வழி.

பென் டிரைவில் வந்த வினை

2010 ஜூனில் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுப்பதே அதன் வேலை. ஆனால் அது ஈரானோடு நிற்கவில்லை. சைமன்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி, அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஈரான், இந்தோனேஷியாவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது இடத்தில் இருந்தது.

அது முக்கியமாகப் பென் டிரைவ் மூலம் பரவியது. பென் டிரைவைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தாலே போதும். எதையும் கிளிக் செய்யாமலே வைரஸ் ஓடத் தொடங்கும். பிறகு கெர்னலில் இரண்டு டிரைவர்களை நிறுவிக்கொள்ளும். விண்டோஸ் தடுக்கவில்லையா? தடுக்கவில்லை. தைவானின் ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட டிஜிட்டல் கையெழுத்து அவற்றில் இருந்தது. உள்ளே போனதும் பென் டிரைவில் இருக்கும் தன் ஃபைல்களை மறைத்துவிடும். நீங்கள் பார்த்தால் பென் டிரைவ் சுத்தமாகத் தெரியும்!

இந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2010 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டது. பட்டுச்சேலை டிசைன்களைப் பென் டிரைவில் கொண்டுபோகும் நம் ஊரில் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

நல்லவர் தவறினாலும் ஆபத்துதான்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு தவறான அப்டேட் வந்தது. அந்த சாஃப்ட்வேர் கெர்னலுக்குள் ஓடியதால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சாதாரண புரோகிராம் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருப்பது தவறினால் கம்ப்யூட்டரே நின்றுவிடும். எனவே உள்ளே எவ்வளவு குறைவான டிரைவர்கள் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் டீடெய்ல்ஸ் என்று செல்லுங்கள். மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெர்னலில் ஓடவிருக்கும் கோடைத் தனி இடத்தில் வைத்துச் சோதிக்கும் வசதி இது. பொருந்தாத டிரைவர் இருந்தால் அதன் பெயரைக் காட்டும். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள்.

2. அதே டிவைஸ் செக்யூரிட்டி பக்கத்தில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே வைரஸ் புகுவதை இது தடுக்கும்.

3. அன்றாட வேலைக்கும் குழந்தைகளுக்கும் ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுண்ட் தொடங்குங்கள். அட்மினிஸ்டிரேட்டர் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

4. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் இதைக் கவனிக்கவும்.

5. கிராக் செய்த சாஃப்ட்வேர், கேம்களில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் புரோகிராம் எதுவும் வேண்டாம். இவற்றில் சில, கெர்னலுக்குள் நுழையவே அனுமதி கேட்கும்.

மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று திரையில் கேள்வி வந்தால் அவசரப்பட்டு 'யெஸ்' கொடுக்காதீர்கள். எந்த புரோகிராம் கேட்கிறது, யார் தயாரித்தது என்று அந்தப் பெட்டியிலேயே இருக்கும். படியுங்கள். நீங்கள் தொடங்காத வேலைக்கு அனுமதி கேட்டால் 'நோ' கொடுத்துவிடுங்கள்.