கம்பளிப்பூச்சி காட்டிய காளான்

மூன்றே அங்குல உயரத்துக்குக் குறுகிப்போன ஒரு சிறுமி, தன் உயரமே இருந்த காளான் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் மேலே என்னதான் இருக்கிறதென்று நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தபோது, நீல நிறக் கம்பளிப்பூச்சி ஒன்று கைகளைக் கட்டிக்கொண்டு உக்கா பிடித்தபடி, வந்தவளைச் சட்டையே செய்யாமல், ஒரு ஜமீன்தாரின் தோரணையோடு வீற்றிருக்கக் கண்டாள். ஆலிஸின் அற்புத உலகத்தைப் படித்தவர்கள் மறக்காத காட்சி இது. கதைகளில் முளைத்த காளான்கள் அநேகம்; ஆயினும் தின்னத் தகுந்த காளான் ஒன்றைக் கற்பனையில் சிருஷ்டித்து, அதற்கென்று ஒரு குணத்தையும் அக்குணத்துக்கென்று ஒரு கணக்கையும் வகுத்துக் கொடுத்தவர் லூயிஸ் கரோல் ஒருவரே என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்ற இயற்பெயருடைய அவர், ஆக்ஸ்ஃபோர்டு கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித சாஸ்திரம் போதித்து வந்தவர். 1862 ஜூலை 4ஆம் தேதி, கல்லூரித் தலைவரின் பெண்கள் மூவரையும் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு படகில் உல்லாசப் பிரயாணம் போனபோது, குழந்தைகளின் தொந்தரவு தாங்காமல் அவர் சொல்லத் தொடங்கிய கதைதான், நடுப்பெண்ணான பத்து வயது ஆலிஸ் லிடெலின் வேண்டுகோளினால் கையெழுத்துப் பிரதியாகி, 1864 நவம்பரில் அவளுக்கே பரிசாகி, பிறகு விரிந்து திருந்தி, டென்னியலின் 42 சித்திரங்களுடன் 1865இல் அச்சேறியது.

கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் இடையே இந்தக் காளான் விஷயத்தில் ஒரு சிறிய மாறுதல் உண்டு. அதைக் கவனித்த நாளிலிருந்து ஆசிரியர்மீது எனக்கிருந்த மதிப்பு இரட்டிப்பாயிற்று. முதலில் எழுதிய பிரதியில், காளானின் குடையைத் தின்றால் வளர்த்தி, தண்டைத் தின்றால் குறுக்கம் என்று கம்பளிப்பூச்சி சொல்கிறது. எந்தக் குழந்தைக்கும் புரியக்கூடிய, சந்தேகத்துக்கு இடமில்லாத சிகிச்சை விதி. அச்சில் வரும்போது குடையும் தண்டும் போய்விட்டன. ஒரு பக்கம் உன்னை உயர்த்தும், மறு பக்கம் உன்னைக் குறுக்கும் என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் பூச்சியார் புல்லுக்குள் ஊர்ந்து போய்விடுகிறார். காளானோ வட்டமானது! வட்டத்துக்கு ஏது ஒரு பக்கமும் மறு பக்கமும்? ஆலிஸ் யோசித்துப் பார்க்கிறாள். பிறகு, எட்டிய மட்டும் இரண்டு கைகளையும் நீட்டிக் காளானைக் கட்டித் தழுவி, ஒவ்வொரு கையும் போய்ச் சேர்ந்த இடத்தில் விளிம்பைக் கொஞ்சம் பிட்டு எடுக்கிறாள். பக்கமில்லாத வட்டத்துக்குத் தன் உடம்பைக் கொண்டே இடமும் வலமும் உண்டாக்கிவிட்ட இந்தக் குழந்தையின் யுக்தி, அவளைப் படைத்த கணித ஆசிரியருக்கு எவ்வளவு சந்தோஷத்தைத் தந்திருக்கும்!

வலக்கைத் துண்டை அவள் கடித்ததும் மோவாய் போய்ப் பாதத்தில் இடிக்கிறது. பதறிப்போய் இடக்கைத் துண்டை எப்படியோ வாய்க்குள் திணித்துக்கொண்டால், கழுத்து மரங்களின் இலைப்பரப்புக்கு மேலே நீண்டு வளைகிறது. முட்டைகளைக் காவல் காத்து அலுத்துப்போன புறா ஒன்று அவளைப் பாம்பென்றே முடிவு கட்டிச் சண்டைக்கு வருகிறது. அதன் பின்னரே ஆலிஸுக்கு நிதானம் பிறக்கிறது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொறித்துத் தன் பழைய உயரத்துக்கு வருகிறாள். நாலடி உயரமுள்ள வீட்டை அணுகும்போது ஒன்பது அங்குலமாகவும், தேநீர் விருந்துக்குப் போகையில் இரண்டடியாகவும், அழகிய தோட்டத்துக்குள் நுழைய ஏறக்குறைய ஓரடியாகவும் தன்னை அமைத்துக்கொள்கிறாள். கதையின் ஆரம்பத்தில், புட்டியில் இருந்ததைக் குடிக்குமுன் விஷம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த புத்திசாலிப் பெண் அவள். காளானில் சீட்டு ஏதும் ஒட்டியிருக்கவில்லை. அளவு தெரிந்து தின்னும் கலையை அவள் தானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு கணக்கை மட்டும் டாட்ஜ்சன் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். உயரம் ஒன்றுக்குப் பதினாறாகக் குறையும்போது, உடம்பின் அமைப்பு மாறாதிருந்தால், எடை பதினாறில் நின்றுவிடுவதில்லை. பதினாறைப் பதினாறால் இருமுறை பெருக்கி வரும் 4,096இல் ஒரு பங்காகிவிடும். நாலடி உயரமும் 25 கிலோ எடையும் கொண்ட சிறுமி மூன்று அங்குலமானால் அவள் எடை ஆறு கிராம் சொச்சம்தான். கம்பளிப்பூச்சி அவளை மதிக்காததில் வியப்பில்லை.

வளர்த்திக்கும் குறுக்கத்துக்கும் ஆசிரியர் காளானை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. மார்டெகாய் குக் என்ற ஆங்கிலேயர், மயக்கப் பொருள்களைப் பற்றி 1860இல் வெளியிட்ட நூலில், வெண்புள்ளிகளுடைய சிவப்பு நச்சுக் காளான் ஒன்றைத் தின்றவர்களுக்குச் சிறு பொருள்கள் பூதாகாரமாகத் தோன்றும் என்று எழுதியிருக்கிறார். வைக்கோல் துரும்பைத் தாண்ட, அடிமரத்தைத் தாண்டுகிறவனைப் போல் எம்பிக் குதிப்பார்களாம். கரோல் இதைப் படித்திருக்கக்கூடும் என்பது ஊகமேயன்றி வேறில்லை. தன் உடலும் சுற்றியுள்ளவையும் பெருத்தும் சிறுத்தும் தோன்றும் ஒருவகைக் கோளாறுக்கு, 1955இல் ஜான் டாட் என்ற மருத்துவர் ஆலிஸின் பெயரையே வைத்தார் என்பது மாத்திரம் நிச்சயம்.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மழைக்கு மறுநாள் காளானைப் பார்த்தவர்களுக்கு நேரான காரணமே போதும். மண்ணுக்கடியில் நூலிழைகளாகப் பரவிக் கிடக்கும் பூஞ்சை, மொட்டுக்குரிய உயிரணுக்களில் பெரும்பாலானவற்றை முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறது. ஈரம் கிடைத்ததும் அவை நீரை இழுத்துக்கொண்டு உப்புவதனால்தான், நேற்று வெறுந்தரையாயிருந்த இடத்தில் இன்று குடை நிற்கிறது. ஒரே இரவில் வளரும் பொருளைத் தின்றால் தின்றவரும் அப்படியே வளரவேண்டும் என்பது குழந்தையின் தர்க்கம்; அதில் தப்பு என்ன?

கரோலின் காலத்தவரான ஜூல்ஸ் வெர்ன் 1864இல் பூமியின் வயிற்றுக்குள்ளே முப்பது, நாற்பது அடி உயரமுள்ள வெள்ளைக் காளான்களின் வனத்தையே வளர்த்தார். அவை பிரமிக்கத்தக்கவை, பசிக்கு உதவாதவை. வெல்ஸ் 1901இல் சந்திரனுக்கு அனுப்பிய ஆங்கிலேயர் இருவரோ, பசி பொறுக்காமல் அங்கிருந்த காளானைத் தின்று, குடிவெறி கொண்டவர்களைப் போல உளறி, சந்திர மண்டலத்தையே தங்கள் நாட்டுடன் சேர்த்துக்கொள்ளத் திட்டம் போட்டு, முடிவில் சந்திரவாசிகளிடம் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சிரிப்பதற்கு அது நல்ல விருந்து.

ஆலிஸின் காளானுக்கே திரும்புவோம். தோட்டத்துக்குள் நுழைவதற்காகப் பையிலிருந்த துண்டை எடுத்துக் கொறித்தாளே, அதன்பின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முடிவில் வரும் நியாயஸ்தலத்தில் ஆலிஸ் மறுபடியும் வளரத் தொடங்குகிறாள்; தின்றது ஒன்றுமில்லை, குடித்தது ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சி எலி, மூச்சுவிட முடியாமல் நெருக்குகிறாயே என்று முறையிடுகிறது. நான் என்ன செய்வேன், வளர்கிறேனே என்கிறாள் அவள். இங்கே வளர உனக்குப் பாத்தியதை கிடையாது என்று சொல்லிவிட்டு, எலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து, எதிர்ப்பக்கத்து ஆசனத்துக்குப் போய்விடுகிறது.