கனத்த ஒலிக்கு எந்த ஆம்ப்?

பர்மிங்ஹாமில் உருவான பிளாக் சப்பாத் குழுவின் டோனி ஐயோமி, அதே ஊர்த் தயாரிப்பான லேனி ஆம்ப்ளிஃபயரில்தான் கிட்டாரை இணைத்தார். வால்வுகளை அவற்றின் எல்லை தாண்டி விரட்டினால் ஒலி கரகரத்துத் தடிக்கும். மெதுவாக நகரும் டூம் மெட்டலுக்கு இன்றும் அந்தத் தடிப்புதான் உயிர்.

த்ராஷுக்கு அது உதவாது. தந்தியில் விழும் வேகமான வெட்டுகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே கேட்க வேண்டும். 1986-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்துக்கு மெட்டாலிகா பயன்படுத்திய மேசா பூகி மார்க் வகை ஆம்பின் நுட்பம் அழகானது. ஒலி சிதையும் முன்பே பாஸைக் குறைத்துவிடலாம். சிதைந்த பிறகு, ஐந்து பட்டை ஈக்வலைசரில் அதைத் திரும்பக் கூட்டலாம். கனமும் தெளிவும் சேர்ந்தே கிடைக்கும்.

வால்வு இல்லாமல் மெட்டலா என்று கேட்பவர்கள் பான்டெராவைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டைம்பேக் டேரல், டிரான்சிஸ்டரில் இயங்கும் ராண்டல் ஆம்பிலிருந்தே ரம்பம் அறுப்பது போன்ற கூர்மையை எடுத்தார்.

டெத் மெட்டலில் சில நேரம் பெடலே முந்திக்கொள்கிறது. ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் குழுவுக்கு அடையாளம் தந்தது பாஸ் (Boss) எச்எம்-2 பெடல்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 3 டெசிபல்தான். வீட்டு அறைக்குச் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் தாராளம்.