தவளை மறுபடி கத்தும் வரை

உலகிலேயே மிக அமைதியான அறை என்று 2015-இல் கின்னஸ் பதிந்துகொண்ட இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் நகரின் மைக்ரோசாஃப்ட் வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே அளந்த ஒலி மைனஸ் 20.6 டெசிபல். நல்ல காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய ஓசையைத்தான் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். இது அதற்கும் வெகு கீழே. சுற்றிலும் ஆப்பு ஆப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு, எழுந்த ஓசையைத் திரும்பி வரவிடாமல் விழுங்கிவிடும். கதவைச் சாத்தியதும் சொந்த நெஞ்சு அடிப்பது கேட்கும். கழுத்தைத் திருப்பினால் எலும்பு நெரிவது கேட்கும். உள்ளே போன வேகத்தில் வெளியே வரத் துடிப்பவர்களும் உண்டு.

அதே மாநிலத்தின் மேற்கோரத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள், ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை, சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு. இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யும் கார்டன் ஹெம்ப்டன் 2005-இல் அங்கே பாசி படர்ந்த மரக்கட்டை ஒன்றின் மேல் சின்னச் சிவப்புக் கல்லை வைத்து, 'ஒரு சதுர அங்குல அமைதி' என்று பெயரிட்டார். அந்த ஓர் அங்குலத்தில் மனிதச் சத்தம் விழாமல் காக்க வேண்டுமானால், சுற்றிப் பல கிலோமீட்டர் அடங்கியாக வேண்டும். கெட்டிக்காரக் கணக்குதான். ஆனால் வானத்துக்கு வேலி போட முடியவில்லை. கடற்படையின் போர் விமானங்கள் பயிற்சிக்கு அந்தப் பக்கம்தான் பறக்கின்றன.

விமானம் இல்லாத நேரத்திலும் காடு சும்மா இருப்பதில்லை. இலைநுனியில் நீர் சொட்டும், குருவி கத்தும், இலையுதிர் காலத்தில் எல்க் மான் ஊளையிடும். இருந்தும் மனம் அடங்குவது இங்கேதான், அந்த அறையில் அல்ல.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. தூக்கத்திலும் அது காவல் காக்கிறது. அப்படியிருக்க, காட்டின் ஓசையில் மனம் ஏன் அடங்குகிறது? ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியல் தம்பதியர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. கணக்குப் பார்ப்பது, நெரிசலில் வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு நாம் வலிந்து கவனத்தைப் பிடித்து வைக்கிறோம்; அது களைத்துப்போகும். ஓடும் நீரும் அசையும் இலையும் கவனத்தைத் தானாக இழுத்துக்கொள்வதால் அந்தப் பிடி தளர்கிறது. 2015-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 38 பேரைப் பிரித்து, சிலரைப் புல்வெளியிலும் சிலரைப் பரபரப்பான சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களிடம், நடந்ததையே நினைத்து நினைத்துப் புழுங்குவது குறைந்திருந்தது. 38 பேரை வைத்துக் காட்டை மருந்துச்சீட்டில் எழுதிவிட முடியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு வாய்த்தது ஒரு கண்மாய்க்கரை. மழைக்காலத்தில் பொழுது சாய்ந்தபின் போனால், கால் வைத்ததும் அத்தனை தவளையும் கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த நிசப்தத்தில் என் காதும் விறைத்து நிற்கும். பாம்பா, ஆளா என்று இரு தரப்பும் சந்தேகத்தோடு காத்திருப்போம். அசையாமல் உட்கார்ந்திருந்தால், அக்கரையிலிருந்து ஒன்று மட்டும் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல் ஒருதரம் கத்தும். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கரை முழுக்க. அப்போதுதான் என் தோள் இறங்கும்.