கூடிச் செல்வதா, தனித்துச் செல்வதா? நெடுந்தொலைவு மிதிவண்டியாளர் கற்பிக்கும் பாடம்

மாரடைப்புக்குப்பின் ஆறாம் மாதச் சோதனைக்கு வந்த அன்பர் ஒருவர், அறிக்கைகள் யாவும் திருப்தியாக உள்ளன என்று நாங்கள் கூறியதும், நெடுநாள் மனத்தில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். "டாக்டர், மறுபடி சைக்கிள் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டீர்கள். குழுவோடு போகட்டுமா, தனியாகப் போகட்டுமா?" நாங்கள் வாய் திறக்குமுன்பே அவருடைய துணைவியார், "தனியாக வேண்டவே வேண்டாம்" என்றார். அன்பரோ, "குழுவோடு போனால்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது" என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அன்று அவசரத்தில் நாங்கள் சுருக்கமாகக் கூறிய விடையைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கட்டுரை. எங்கள் பிரிவு மருத்துவர் மூவர், விடுமுறை நாள்களில் நெடுந்தொலைவு மிதிவண்டிச் சவாரி செய்பவர்கள். ஆகவே, இதில் நாங்கள் கற்றது நூல்களிலிருந்து பாதி, சாலையிலிருந்து பாதி.

ஒரு நூற்றாண்டுக் கருத்து வேறுபாடு

"கூடியா, தனித்தா" என்னும் கேள்வி மிதிவண்டியாளருக்குப் புதிதன்று. 1897இல் இத்தாலியில் ஒரு குழுவினர், ரோமிலிருந்து நேப்பிள்சு வரை ஏறத்தாழ 230 கி.மீ. தொலைவைப் பகற்பொழுதுக்குள் கடக்க முயன்றனர். துணிச்சல் என்று பொருள்படும் 'ஆடாக்ஸ்' என்னும் பெயர் அவ்வகைச் சவாரிக்கு நிலைத்தது. 1904இல் ஆன்றி தெகிரான்ஷ் என்பவர் அம்முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டில் 'தூர் த பிரான்சு' பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆடாக்ஸ் முறையில் அனைவரும் ஒரே குழுவாகவே செல்லவேண்டும். முன்னே செல்லும் தலைவர் ஒரே சீரான வேகத்தைக் காப்பார். இன்று அது பெரும்பாலும் மணிக்கு 22.5 கி.மீ. அவரை ஒருவரும் முந்தலாகாது.

பாரிசு நகரின் ஆடாக்ஸ் கழகம் பின்னர் தெகிரான்ஷிடமிருந்து விலகி, 1921இல் வேறொரு முறையை ஏற்படுத்தியது. அதன் பெயர் 'கட்டற்ற வேகம்' என்று பொருள்படும். இம்முறையில் அவரவர் தம் வேகத்தில் செல்லலாம். விரும்பினால் சேரலாம், விரும்பினால் பிரியலாம். 1931இல் பாரிசிலிருந்து பிரெஸ்து சென்று மீளும் 1200 கி.மீ. சவாரி இரு முறைகளிலுமே நடத்தப்பட்டது.

இந்தியாவில் இன்று 'பிரெவே' என்ற பெயரில் நடைபெறுபவை இக்கட்டற்ற வேகச் சவாரிகளே. 200 கி.மீ. தொலைவுக்கு 13½ மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40, 1200க்கு 90 மணி நேரம் என வரம்பு உண்டு. இது பந்தயமன்று, முதலிடமும் கிடையாது, பரிசும் கிடையாது. வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் உரிய நேரத்துக்குள் அட்டையில் பதிவு பெறவேண்டும். நிலையங்களுக்கு இடையே உணவு, நீர், பஞ்சர் யாவற்றுக்கும் அவரவரே பொறுப்பு. சக பயணிகள் ஒருவருக்கொருவர் உதவுவதற்கு மட்டும் தடையில்லை.

கூட்டம் தருவதும் எடுப்பதும்

கூட்டத்தின் முதற்பயன் காற்றில் உள்ளது. சமதரையில் விரைந்து மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முன்னே செல்பவரின் நிழல்போல ஒட்டிச் செல்பவருக்கு அவ்வுழைப்பில் கணிசமான பங்கு மிச்சமாகிறது. மாறிமாறி முன்னே செல்லும் குழு, அதன் உறுப்பினர் எவரும் தனித்து எட்டமுடியாத தொலைவை எட்டும். மனத்துக்கும் அதே பயன் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு உறக்கம் கண்ணைச் செருகும்போது, அருகில் ஒருவர் பேசிக்கொண்டு வருவது பெருந்துணை.

ஆனால் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அது நம் வேகம். குழுவில் செல்பவர் தம் மூச்சைக் கவனிப்பதை விட்டு முன்னே உருளும் சக்கரத்தைக் கவனிக்கத் தொடங்குகிறார். தண்ணீர் குடிக்க நினைத்தும் நிற்பதில்லை. பிறரைத் தாமதப்படுத்தக் கூச்சம். மார்பில் இறுக்கம் தோன்றினாலும் "வாயுவாக இருக்கும்" என்று தமக்குத்தாமே கூறிக்கொள்கிறார். மருத்துவர்களாகிய எங்களை மிகவும் அஞ்சவைப்பது இக்கூச்சமே.

தனிமை தருவதும் மறைப்பதும்

தனித்துச் செல்பவர் தம் உடலின் சொல்லைக் கேட்கிறார். மூச்சு மிகுந்தால் தளர்கிறார். தாகம் எடுத்தால் நிற்கிறார். நோய்க்குப்பின் மீண்டுவரும் பலருக்கு இதைவிடப் பெரிய தேவை ஒன்றும் உண்டு. மருத்துவமனையிலும் வீட்டிலும் மாதக்கணக்கில் பிறர் கண்காணிப்பிலேயே இருந்தவருக்கு, ஒருவரும் நலம் விசாரிக்காத ஒரு மணி நேரம் மருந்துக்கு ஒப்பானது. அதை நாடுவோரைக் குடும்பத்தார் "ஒதுங்குகிறார், மனம் சரியில்லை" என்று எண்ணிவிடுதல் கூடாது. தனிமையில் தவிப்பது வேறு; விரும்பித் தனித்திருப்பது வேறு. சவாரி முடிந்து முகம் மலர்ந்து வீடு திரும்புபவர் ஒதுங்கியவர் அல்லர்.

ஆயினும் தனிமை ஒன்றை மறைக்கிறது. வெப்பத் தாக்குதலாலோ, இரத்தச் சர்க்கரை தாழ்வதாலோ, உறக்கமின்மையாலோ முதலில் பழுதுபடுவது பலவேளை நம் தீர்மானிக்கும் ஆற்றலே. தாம் குழம்பியிருப்பதைக் குழம்பியவரால் அறிய இயலாது. அருகில் இருப்பவரே அறியமுடியும்.

எங்களுள் ஒருவருக்கு நேர்ந்தது

இதை எங்களுள் ஒருவர் பட்டு அறிந்தார். அவர் யார் என்று தேடவேண்டா. இக்கட்டுரையை எழுதும் கை அவருடையதே.

அது சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்று திரும்பும் 200 கி.மீ. பிரெவே. விடியலில் புறப்பட்டபோது, விரைவாகச் செல்லும் இளைஞர் குழு ஒன்றின் பின்னே அவர் ஒட்டிக்கொண்டார். மாமல்லபுரம் கடந்ததே தெரியவில்லை. அக்குழுவினர் நிற்கவில்லை; ஆகவே இவரும் நிற்கவில்லை. தண்ணீர்ப் புட்டி பாதிக்குமேல் நிறைந்தே இருந்தது. திரும்பி வரும் வழியில் அவர்களுடைய வேகம் தாங்காமல் பின்தங்கினார். உச்சிவேளை; நிழலற்ற சாலை; தனியே மிதித்தார். தாம் நன்றாகவே இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

பின்னால் வந்தவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பயணி. காலைமுதல் எவரோடும் சேராமல், பேசாமல், தனியே வந்துகொண்டிருந்தவர். "இவர் ஏன் கூட்டச் சவாரிக்கு வருகிறார்?" என்று எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொண்டதும் உண்டு. அவர் அருகில் வந்ததும், "இன்னும் எத்தனை கிலோமீட்டர் சார்?" என்று கேட்டார். மருத்துவர் ஓர் எண்ணைச் சொன்னார். சற்றுத் தொலைவு சென்றபின் அதே கேள்வியை அவர் மீண்டும் கேட்டார். மருத்துவர் வேறோர் எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். "சார், இறங்குங்கள்" என்றார்.

சாலையோரக் கொட்டகை நிழலில் அவரை அமர்த்தித் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினார். தெளிவு வந்தபின் உப்பிட்ட மோர் வாங்கி, சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். பின்னே வந்துகொண்டிருந்த எங்கள் மற்ற இருவரையும் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் வந்து சேரும்வரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அட்டையில் தமக்கிருந்த நேரம் கரைவதைப் பற்றி ஒரு முறையும் குறிப்பிடவில்லை. அவர்கள் வந்ததும் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார். வரம்பு முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அவர் இறுதி நிலையத்தை அடைந்தார் என்று பின்னர் அறிந்தோம். மருத்துவர் வாகனம் ஒன்றில் வீடு திரும்பினார். வெயிலின் தாக்கம் பற்றி நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் அறிவுரை கூறும் அவர், தமக்கு அது நேர்ந்தபோது உணரவில்லை.

அன்று கூட்டம் அவரைக் காக்கவில்லை, தனிமையும் காக்கவில்லை. தம் வேகத்தில் தனியே சென்றுகொண்டே, வழியில் இருப்பவரைக் கண் கொண்டு பார்த்த ஒருவர் காத்தார். வேகம் அவரவருடையதாக இருக்கட்டும். கவனம் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதே கட்டற்ற வேகச் சவாரியின் உட்பொருள் என்று நாங்கள் அன்று உணர்ந்தோம்.

நோயாளருக்கும் குடும்பத்தாருக்கும்

மிதிவண்டியோ, மாலை நடையோ, எதுவாயினும் கீழ்க்காண்பவை பொருந்தும். மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே தொடங்குக.

வேகத்தை அளக்கப் பேச்சே எளிய கருவி. முழு வாக்கியமாகப் பேச இயலும், ஆனால் பாட இயலாது என்னும் நிலை மிதமான உழைப்பைக் காட்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே குறைந்திருக்கும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது.

குழுவோடு செல்வோர், தம் நோயைப் பற்றிக் குறைந்தது ஒருவரிடமாவது முன்பே கூறிவைக்க வேண்டும். "நான் பின்தங்குவேன், காத்திருக்க வேண்டா, அடுத்த டீக்கடையில் சந்திப்போம்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால், பின்னர் கூச்சத்துக்கு இடமிராது.

தனியே செல்வோர், பிரெவே அட்டையைப்போல் தமக்கும் சில நிலையங்களை வகுத்துக்கொள்க. எந்த வழி, எங்கு நிற்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் கூறிச் செல்க. குறித்த இடத்தில் நின்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அதற்கிடையில் வீட்டார் அழைத்துக்கொண்டே இருக்கவேண்டா. பெயர், நோய், மருந்து, உறவினர் எண் ஆகியவை எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்போர் குளுக்கோசோ சர்க்கரையோ உடன் கொண்டுசெல்க. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை உண்டு, 15 நிமிடம் அமர்ந்திருந்து, மீண்டும் சோதிக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் எடுப்போருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம் என்பதை உடன் வருவோர் அறிந்திருக்க வேண்டும்.

மார்பு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று 108ஐ அழைக்க வேண்டும். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் நீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். உடனே 108ஐயும் அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது.

முதலில் குறிப்பிட்ட அன்பர் இப்போது ஞாயிறுதோறும் தம் பழைய குழுவோடுதான் புறப்படுகிறார். பத்து நிமிடத்தில் அவர்கள் முன்னே சென்றுவிடுகிறார்கள்; இவர் தம் மூச்சோடு தனியே செல்கிறார். குழுவின் கடைசி ஆள் ஒருவர் மட்டும் பேச்சுக் கொடுக்காமல், பார்வைக்கு எட்டும் தொலைவில் பின்னே வருகிறார். திரும்பும் வழியில் டீக்கடையில் எல்லோரும் கூடுகிறார்கள். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு செய்தி செல்கிறது. சென்ற மாதம் சோதனைக்கு வந்தபோது அவர் துணைவியாரிடம், "இப்போது அச்சம் இல்லையா அம்மா?" என்று கேட்டோம். "இருக்கிறது டாக்டர். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருகிறார்" என்றார்.