டிராவல் நிறுவன இன்டர்வியூ: 'ஊர் சுற்றப் பிடிக்கும்' என்று சொன்னால் போதுமா?

"எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும் சார்."

பெரிய பயண நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில், 'ஏன் இந்த வேலை?' என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில் இதுதான். ஆனால், அந்த நாற்காலியில் உட்காருபவர் ஊர் சுற்றப்போவதில்லை. ஊர் சுற்றப் போய் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுக்கப்போகிறார். தேர்வே இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

எத்தனை சுற்றுகள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, முதலில் ஹெச்.ஆர். போனில் பேசுவார். பிறகு ஆங்கிலப் பேச்சு, டைப்பிங், புவியியல் தேர்வு. அடுத்து 'மாக் கால்' எனப்படும் மாதிரி அழைப்பு. கடைசியாக மேலாளருடன் சந்திப்பு.

பலர் தடுமாறுவது மாதிரி அழைப்பில்தான். கேள்வி கேட்பவரே கோபக்கார வாடிக்கையாளராக மாறிவிடுவார். "நடுராத்திரி குழந்தையோட ஹோட்டல் வாசல்ல நிக்கிறேன், புக்கிங்கே இல்லைங்கிறான், என்ன பண்ணப் போறீங்க?" என்று குரலை உயர்த்துவார். உடனே, "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன் சார்" என்று வாக்குக் கொடுப்பவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். ஏனென்றால், அந்த நேரத்தில் அவருக்குத் தேவை பணம் அல்ல, அறை. முதலில் புக்கிங் எண்ணை வாங்கி, ஹோட்டலுடன் பேசி, முடியாவிட்டால் மாற்று அறை தேடுவதாகச் சொல்ல வேண்டும். முடியாததைச் சொல்லி விடக்கூடாது.

ஓர் எழுத்து மாறினால்?

விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ., கோவைக்கு சி.ஜே.பி., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். திருச்சிக்கு டி.ஆர்.இசட்.; திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. போனில் கடைசி எழுத்தைத் தவறாகக் கேட்டால் பயணி வேறு மாநிலத்தில் இறங்குவார். அதனால்தான் 'டேங்கோ, ரோமியோ, ஸூலு' என்று உச்சரிக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள்.

நேர வித்தியாசமும் அப்படித்தான். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். 'காலை 10 மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று நம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால், அங்கே அதிகாலை 4.30.

நமக்குத் தெரிந்த ஒரு விஷயம்

இனிஷியல் போடும் தமிழர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை அல்லது குடும்பப் பெயர் இருந்தால் போதும் எனத் தளர்த்தியது. டிக்கெட்டில் பெயரை எப்படிப் பதிவது என்ற கேள்வி வந்தால், இந்தச் சிக்கலை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த நம்மவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பேசலாம். தமிழ் வழியில் படித்ததும் குறையல்ல. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பேசுபவர் தேவைப்படும் பணிகள் இருக்கின்றன, தயங்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

'ஏதாவது கேட்கணுமா?' என்றால், 'இல்லை சார்' என்று எழுந்துவிடாதீர்கள். இரவுப் பணி மாதத்தில் எத்தனை நாள்? கேப் வீட்டு வாசல்வரை வருமா? சொல்லும் சம்பளத்தில் இன்சென்டிவ் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு? பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா? பாண்ட் உண்டா? முடிவு எப்போது தெரியும்? இவற்றைக் கேட்பது தப்பே இல்லை. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்முன் இருக்கும் வேலையை விடாதீர்கள். 'செலக்ட் ஆயிட்டீங்க' என்று வாயால் சொன்னதை நம்பி ராஜினாமா செய்துவிட்டு, வாரக்கணக்கில் மெயிலுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

பணம் கேட்டால்?

பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லி, 'டெபாசிட் கட்டுங்க', 'லேப்டாப்புக்குப் பணம் அனுப்புங்க' என்று கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். 'ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் தினமும் காசு' என்று டெலிகிராமில் வரும் அழைப்பும் இந்த வகைதான். முதலில் சில நூறு ரூபாய் தருவார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.