ஏரிப் பாசிக்கு வானம் இடும் உரம்

ஏரி நீர் பச்சையாக மாறினால் சாக்கடையே காரணம் என்று கூறுவது வழக்கம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்கரணை முதலிய ஏரிகளைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையே. ஆயினும் பாசிக்கு உரம் வந்து சேரும் வழி மற்றொன்றும் உண்டு. அது வான்வழி.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயுவே. பயிர் அதனை நேரே உண்ண இயலாது. ஆனால் மோட்டார் வண்டிகளின் புகையில் அது ஆக்சைடாக மாறுகின்றது. யூரியா இட்ட வயலிலிருந்தும் சாணக் குவியலிலிருந்தும் அம்மோனியா ஆவியாக எழுகின்றது. இவை இரண்டும் தூசியோடும் மழையோடும் ஏரியில் இறங்கித் தழைச்சத்தாகின்றன. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஏரிகளுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

தழைச்சத்து, மணிச்சத்து ஆகிய இரண்டில் எது குறைவோ, அதுவே பாசியின் வளர்ச்சிக்கு எல்லையாகும். நார்வே, ஸ்வீடன் நாடுகளிலும் அமெரிக்காவின் கொலராடோவிலும் உள்ள ஏரிகளைப் பற்றிய ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. காற்றின் வழியே தழைச்சத்து மிகுதியாக இறங்கிய ஏரிகளில் அதன் பற்றாக்குறை நீங்கி, மணிச்சத்தே எல்லையாகிவிட்டதென அது காட்டிற்று. நம் ஏரிகளிலோ மணிச்சத்தைக் கழிவுநீர் தாராளமாகக் கொண்டுவந்து கொட்டுகின்றது. ஆகவே வானம் தரும் தழைச்சத்து வீணாவதில்லை, பாசிக்கே விருந்தாகின்றது. பாசி மிகுந்த ஏரியில் இரவில் பிராணவாயு குன்றுவதால், விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன.

"காற்றை நாம் தடுக்க முடியுமா?" என்று பஞ்சாயத்துக் கூட்டங்களில் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, ஆனால் அதனைச் சாக்காகக் கொள்ளலாகாது. கனடாவில் 227 என்ற எண்ணுடைய ஏரியில் 1969 முதல் இரு சத்துக்களையும் இட்டுச் சோதித்தனர். 1990இல் தழைச்சத்து இடுவதை நிறுத்தி, மணிச்சத்தை மட்டும் இட்டு வந்தனர். பாசி ஓயவில்லை. நம் நெல் வயலில் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனமே அங்கும் காற்றிலிருந்து நைட்ரஜனை ஈர்த்துக் கொண்டது. எனவே வரத்துக் கால்வாயில் கலக்கும் கழிவுநீரைத் தடுப்பதே முதல் வேலை.

உழவர் செய்யக்கூடியதும் உண்டு. தேங்கிய நீரில் யூரியாவைத் தூவினால் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பணமும் அதனோடு போகும். நீரை வடித்து, இலை வண்ண அட்டையைப் பார்த்து, மேலுரத்தைப் பல தவணைகளாக இடுவது நலம். ஏரியில் வாரிய பாசியையும் ஆகாயத்தாமரையையும் கரைமேல் குவித்து வைத்தல் கூடாது. அடுத்த மழையில் அச்சத்து ஏரிக்கே திரும்பும். அவற்றைக் கரைக்கு வெளிப்புறம், மழைநீர் ஏரிக்கு வழிந்து வராத இடத்தில் குழி வெட்டி மக்கச் செய்தால், அடுத்த பருவத்தில் வயலுக்கு நல்ல எரு கிட்டும்.